சாட்சி பாட்டில்

"கொஞ்சம் சுருக்குனு இருக்கும். அவ்ளோதான்," என்று ஆற்றிடம் சொல்லிவிட்டு ஹேமநாதன் பாட்டிலைத் தண்ணீருக்குள் இறக்குகிறார். முழங்கை வரை நனைந்ததும் அதன் வாயைத் தண்ணீர் வரும் திசைக்குத் திருப்புகிறார். குமிழி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். நிறைந்த பாட்டில் வெளியே வந்ததும் மூடியைத் திருகிக்கொண்டே, "ஆச்சு, ஆச்சு," என்று ஆற்றைத் தேற்றுகிறார். பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லாததுதான் பாக்கி.

எல்லாம் பழக்கதோஷம். திருத்தணியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காகப் பதினோரு வருஷம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தவர் அவர். விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டுபவர்களிடம் அந்த ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பு விழுந்துவிட்டது. அந்த நிலையம் மூட்டை கட்டிய சமயத்தில், ஆறுகளில் பூச்சிமருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் தேடினார்கள். ஐஸ் பெட்டி சுமந்து பழகியிருக்க வேண்டும், பாட்டிலில் சீட்டு ஒட்டத் தெரிய வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதைப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

"மனுசன்னா கையை இழுத்துக்குவான், மயக்கம் போட்டு உழுவான். ஆறு அப்பிடி இல்லீங்க. எவ்ளோ வேணா எடுத்துக்கன்னு படுத்துகினு இருக்கும்," என்கிறார். சொல்லும்போது முகத்தில் ஒரு நல்ல நோயாளி கிடைத்துவிட்ட திருப்தி தெரியும்.

வயது ஐம்பத்தொன்று. ஒடிசலான உடம்பு, மீசை மட்டும் இரண்டு சுற்றுப் பெரியது. செவ்வாயும் வியாழனும் நந்தியாற்றில் தொடங்கி, கொசஸ்தலை ஆற்றின் தடுப்பணை வரைக்கும் நான்கு இடங்களில் தண்ணீர் எடுக்க வேண்டும். எந்த இடத்துக்கும் ஊர்ப்பெயர் சொல்ல மாட்டார். ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் என்றுதான் சொல்வார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "மூணாம் நம்பருக்கு இப்ப பரவாயில்ல, நாலாம் நம்பருக்குத்தான் ரொம்ப முடியல," என்று இவர் சொல்லப்போய், அந்த மனிதர் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று விசாரித்த கதையும் உண்டு.

அந்த இரண்டு நாட்களில் அவர் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. முகத்துக்குப் பவுடர் இல்லை. கொசுக் களிம்பு தொடுவதில்லை. கொசுவத்தி எரியும் அறையில் உட்காருவதுகூட இல்லை. அதில் இருப்பதும் பூச்சிமருந்துதானே என்பது அவர் வாதம். விடியற்காலையில் ஆற்றங்கரைக் கொசுக்கள் அத்தனையும் அவர் கால்களில் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். சோப்பு போடாமல் குளித்து, பரட்டைத் தலையோடு, பழைய சட்டையில் கிளம்புகிறவரை வாசலில் நின்று வழியனுப்பும் மனைவி பத்மா, "வாரத்துல ரெண்டு நாள் பரதேசி, அஞ்சு நாள் மாப்பிள்ள. இந்த மாதிரி புருசன் திருத்தணியில எவளுக்கும் கெடச்சிருக்காது," என்பார். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்.

அவர் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. பாட்டிலை அவர் ஆற்றுத் தண்ணீரில் அலசுவதில்லை. மற்ற சோதனைகளுக்கு மூன்று முறை அலசுவார்கள், அதைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மாடு மேய்ப்பவர் முதல் பள்ளிக்கூடத்து வாத்தியார் வரை, "கழுவிட்டுப் புடிங்க," என்று யோசனை சொல்வார்கள். ஹேமநாதன் பொறுமையாக விளக்குவார். பூச்சிமருந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அலசினால் முதல் தண்ணீரின் மருந்தும் பாட்டிலின் உட்சுவரில் தங்கிவிடும், அளவு பொய்யாகிவிடும். சென்னையிலேயே கழுவிச் சுட்டுக் காயவைத்து அனுப்பிய தேன் நிறப் பாட்டில் அது. "இன்னொரு தபா கழுவுனா அவுங்க கழுவுனத நாம நம்பலன்னு ஆயிடும். மரியாத இல்ல பாருங்க," என்று முடிப்பார்.

அவருடைய பெட்டியில் நான்கு இடத்துக்கும் சேர்த்து ஐந்து பாட்டில்கள் இருக்கும். அந்த ஐந்தாவதுதான் நம் கதைக்கு முக்கியம். ஆய்வகத்தில் சுத்தம் செய்த தண்ணீரைத் தனியாக அனுப்பிவைப்பார்கள். கடைசி இடத்து ஆற்றங்கரையில் நின்று, மற்ற பாட்டில்களைத் தொட்ட அதே கையால் அந்தச் சுத்தத் தண்ணீரை ஐந்தாவது பாட்டிலில் ஊற்றி மூடி, மற்றவற்றோடு சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சோதனையில் அந்தப் பாட்டிலில் ஒன்றுமே இருக்கக் கூடாது. ஏதாவது இருந்தால், அது ஆற்றில் இருந்து வந்ததல்ல. எடுத்த கையில் இருந்து வந்தது, அல்லது பாட்டிலில் இருந்தது. ஆய்வகத்தில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஹேமநாதன் வைத்த பெயர் சாட்சி பாட்டில். "மத்த நாலும் ஆத்தப் பத்திச் சொல்லும். இது என்னப் பத்திச் சொல்லும்," என்பது அவர் விளக்கம்.

இரண்டே முக்கால் வருஷம் அந்தச் சாட்சி அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

நாலாம் நம்பர் என்பது கனகம்மாசத்திரம் தாண்டி உள்ளே போகிற சாலையில் இருக்கும் தடுப்பணை. அங்கே வலை போடுகிற ஏழெட்டுக் குடும்பங்களில் மணியம்மையின் குடும்பமும் ஒன்று. தம்பிகள் பிடிப்பார்கள், மணியம்மை கூடையில் வைத்து விற்பார். அறுபது வயது. கெண்டையை எடை போடும்போது கையும் வாயும் சேர்ந்தே வேலை செய்யும். தன்னைவிடச் சின்னவர்கள் எல்லோரும் அவருக்கு 'நைனா'. போன ஆனி மாதம் ஒரு மழைக்கு மறுநாள் காலையில் தடுப்பணைத் தண்ணீர் முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மேலே கத்திரித் தோட்டமும் பூந்தோட்டமும் இருக்கின்றன. மருந்து அடித்த டேங்கைக் கால்வாயில் கழுவுகிறார்கள். அது ஊருக்கே தெரியும். ஆனாலும் பஞ்சாயத்தில் வேறு மாதிரி பேசினார்கள். மீனைச் சுலபமாகப் பிடிக்க இவர்களே தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, அணையில் யாரும் வலை இறக்கக் கூடாது என்று தடை போட்டார்கள்.

"மீனப் புடிக்கத் தெரியாதவன் மருந்து வெப்பான். எங்க அப்பன் காலத்துலேர்ந்து நாங்க வல போட்டுகினு கீறோம். எங்க மேல பழி போட்டுட்டானுங்களே நைனா," என்று மணியம்மை ஹேமநாதனிடம்தான் வந்து நின்றார். அதில் நியாயம் இருந்தது. மீன் செத்த அன்று செவ்வாய்க்கிழமை. நாலாம் நம்பரில் அன்று தண்ணீர் எடுத்தவர் அவர்தான்.

பத்து நாளில் ஆய்வகத்தில் இருந்து வாய்வார்த்தையாகச் செய்தி வந்தது. அந்தப் பாட்டிலில் பூச்சிமருந்து அதிகமாகவே இருக்கிறது, பயிருக்கு அடிக்கிற மருந்துதான், காகிதம் பிறகு வரும். காகிதம் கையில் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. கொசுக் களிம்பு விஷயத்தில் அத்தனை கறாரான மனிதர் இந்த ஒரு விதியைக் கோட்டைவிட்டார். அன்று சாயங்காலமே மணியம்மையிடம் போய், "கவலப்படாதீங்க. பேப்பர் வருது. அதுல எல்லாம் கீது," என்று சொல்லிவிட்டு வந்தார். மணியம்மை அவருக்கு அரை கிலோ கெண்டையும் கொசுறாக இரண்டு கெளுத்தியும் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். வெளியூர் ஏரியில் ஏலம் எடுத்து வந்த மீன் அது.

நான்கு நாள் கழித்து ஆய்வகத்து மோகனப்ரியா போனில் அழைத்தார். தண்ணீரைச் சோதித்துக் கணக்குப் போடும் பெண். வயதில் மகள் மாதிரி, ஆனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, ஒரு சங்கடமான விஷயம். உங்க சாட்சி பாட்டில்ல மருந்து வருது."

ஹேமநாதனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கொஞ்சம்தான். ஆனா இருக்கு. மொட்டுப் புழுவுக்கு அடிக்கிற மருந்து. வைகாசிக்கு முன்னாடி இல்ல, இப்ப ஆறு தடவை வந்திருக்கு. எனக்கு எங்க பக்கத்து மேலதான் சந்தேகம். பாட்டில் கழுவுறதுக்குப் புதுசா ஒருத்தரப் போட்டிருக்கோம். அவர் சரியா கழுவலன்னு நெனைக்கிறேன். அப்படின்னா பிரச்சினை இல்ல, எல்லா பாட்டில்லயும் ஒரே அளவு ஒட்டியிருக்கும், அதக் கழிச்சுட்டு மீதிய எடுத்துக்கலாம். நாலாம் நம்பர் ரிசல்ட்டும் நிக்கும்."

"கழுவுனதுல தப்பு இல்லன்னா?"

"கையிலேர்ந்து வந்ததுன்னா எந்த பாட்டில்ல எவ்ளோன்னு யாருக்குத் தெரியும்? அந்த ஆறு நாளும் மொத்தமா அடிச்சிட வேண்டியதுதான். உங்கமேல எனக்குச் சந்தேகம் இல்லண்ணா. சும்மா தேதிய அனுப்பறேன், பாருங்க."

தேதிகள் போனில் வந்தன. சுவரில் தொங்கிய முருகன் படக் காலண்டரின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். செவ்வாய், செவ்வாய், செவ்வாய். மீன் செத்த செவ்வாயும் அதில் இருந்தது. ஒன்று மட்டும் வியாழன். அந்த ஒரு வியாழனைப் பார்த்ததும், ஆகா, இது கிழமை விஷயம் இல்லை, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அந்த வியாழன் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு வேல் அச்சடித்திருந்தது. அன்று கிருத்திகை.

செவ்வாயும் கிருத்திகையும் என்றால் திருத்தணிக்காரனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அந்த நாட்களில் பூ இல்லாமல் ஹேமநாதன் வண்டியை எடுத்ததில்லை. பஜார் முனையில் பூக்கார விஜியிடம் ஒரு முழம் முல்லை வாங்கி எக்ஸெல் வண்டியின் முகப்பு விளக்கில் சுற்றுவது பத்தொன்பது வருஷப் பழக்கம். வைகாசியில் ஆய்வகம் புது ஐஸ் பெட்டி அனுப்பியது. நீல நிறத்தில், தண்ணீர் கசியாத நல்ல பெட்டி. புதுச் சாமானுக்குப் பூ வைக்காமல் எப்படி? முழத்தை இரண்டாகக் கிள்ளி, பாதியை விளக்குக்கும் பாதியைப் பெட்டி மூடியின் கைப்பிடிக்கும் வைக்க ஆரம்பித்தார். ஆற்றங்கரையில் கையுறை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திறப்பதற்காக அந்தப் பூவைப் பக்தியோடு ஒதுக்கிவிட்டு, அதே விரல்களால் பாட்டில் மூடியைத் திருகியிருக்கிறார். அந்த முல்லைக்கு மொட்டுப் புழு வராமல் என்ன அடிக்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அது ஆற்றுக்குப் போவதைத்தானே மூன்று வருஷமாக அளந்துகொண்டிருக்கிறார். பூவை மருந்தோடு சேர்த்து நினைக்க மனசுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சாமிக்கு வைத்த பூவாயிற்றே.

அன்று அவர் சாப்பிடவில்லை. பத்மா என்ன ஏது என்று கேட்டுத் துளைத்ததும் சொன்னார்.

"நான் வாயத் தொறக்கலன்னா அவுங்களே கழுவுற ஆளு மேல போட்டுக்குவாங்க. மணியம்மாவுக்குப் பேப்பர் வந்துடும். வல எறக்குவாங்க. நான் இனிமே பெட்டியில பூ வெக்காம இருந்தா போதும். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஆங், யாருக்குத் தெரியும்," என்றார் பத்மா. தட்டை மூடி வைத்தார். "அந்தக் கழுவுற ஆளுக்கு வூட்ல புள்ள குட்டி இருக்குமாங்க?"

ஹேமநாதன் எழுந்து போய்க் கை கழுவினார். ஒன்றும் சாப்பிடாத கை அது.

மறுநாள் காலை ஆய்வகம் திறந்ததும் முதல் அழைப்பு அவருடையதுதான். பூவில் தொடங்கி கையுறை வரை ஒன்று விடாமல் சொன்னார். "அண்ணா, இத நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்," என்றார் மோகனப்ரியா. ஆறு நாளும் அடிபட்டன. இன்னொரு முறை சாட்சி பாட்டில் அழுக்காக வந்தால் ஆளை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று மேலிடத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். கழுவுகிற ஆளின் வேலை தப்பியது. நாலாம் நம்பரில் அடுத்து ஒரு நல்ல மழை பெய்து தோட்டத்துத் தண்ணீர் இறங்கும்போது எடுத்துக் காட்டினால் உண்டு. மழைக்கு மறுநாளே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினால் எல்லாம் பூண்டி ஏரிக்குப் போய்விடும்.

மணியம்மையிடம் சொல்லப் போனதுதான் கஷ்டம். கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னார். மணியம்மை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "ஒரு மொழம் பூவுக்கு என் வலைய வித்துட்டியே நைனா," என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவருக்கு மீன் கொடுத்தார், சரியாக எடை போட்டு. கொசுறு கிடையாது. நைனாவும் கிடையாது.

அந்த மூன்று வாரமும் ஹேமநாதன் வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். இரண்டு முறை சாக்கடையில் கால் வைத்தார். போனில் வானிலை அறிக்கை, எதிர்ப்படுபவர்களிடமெல்லாம், "இன்னா, இன்னிக்கி வருமா?" என்று விசாரணை. வரும் வரும் என்று போக்குக் காட்டிய மழை கடைசியில் வந்தது. எப்போது? ஆடிப் பரணி அன்று சாயங்காலம், ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் ஆடிக் கிருத்திகை.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. ஆடிக் கிருத்திகைக்கு முதல்நாளில் இருந்தே திருத்தணி ஊர் திருத்தணியாக இருக்காது, ஒரு பெரிய பூக்கூடையாகிவிடும். லட்சக்கணக்கில் வருகிறவர்களில் பாதிப்பேர் தோளில் புஷ்பக் காவடி. தெருவெல்லாம் சாமந்தி, முல்லை, அரளி. பேருந்துக் கம்பியில் பூ, ஆட்டோவில் பூ, போலீஸ்காரர் தொப்பியில்கூட ஓர் இதழ் ஒட்டியிருக்கும். ஒரு விரல் பூவைத் தொட்டதற்குத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கும் மனிதர், ஒரு காம்புகூடப் படாமல் பெட்டியோடு இந்த ஊரைக் கடந்து ஆற்றுக்குப் போக வேண்டும். முருகனுக்கும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

அது மட்டுமில்லை. பத்தொன்பது வருஷமாக அன்றைக்கு அவரும் காவடி எடுப்பவர். வீட்டுக் கூடத்தில் அவருடைய காவடி பாதி அலங்காரத்தில் நின்றுகொண்டிருந்தது. மழை விட்டதும் அவர் முதலில் செய்த காரியம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியது. பின்தெருவில் ஜமீல் அகமதின் மெக்கானிக் கடை. அங்கே கிரீஸ் இருந்தது, டயர் இருந்தது, பூ இல்லை. அலமாரியின் மேல்தட்டைத் துடைத்துக் கொடுத்த ஜமீல், நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "நாள காலீல வண்டிய நான் ஓட்டறேன் அண்ணே. நீ பொட்டிய மட்டும் புடிச்சுகினு குந்து. பூ சுத்துன வண்டி ஹேண்டில் பாரத் தொட்ட கை பாட்டிலுக்கு எதுக்கு?" என்றார்.

காலையில் ஹேமநாதன் கூடத்தைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நடந்து வாசலுக்கு வந்தார். காவடி பூவால் நிறைந்து, மயில் தோகையோடு நடுக்கூடத்தில் இருந்தது. அதன் முன்னால் கொஞ்சம் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார், ஆனால் கிட்டே போகவில்லை. அவருக்குக் கண் கலங்கியதைப் பத்மா பார்த்தார். ஈரப் புடவையோடு வந்து, காவடியைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். "நீங்க போங்க. நான் ஏத்திட்டு வரேன். முந்நூத்து அறுவத்தஞ்சு படிதான, எனக்கென்ன கால் இல்லியா?"

பஜாரைக் கடக்க நாற்பது நிமிஷம் ஆனது. மூன்று பிளாஸ்டிக் உறை போட்ட பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்கிப் போகும் தகப்பன் மாதிரி ஹேமநாதன் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஜமீல், "வழி வழி, ஆஸ்பத்திரிப் பொட்டி, பூவக் கொஞ்சம் ஒதுக்கிக்க நைனா," என்று அரோகராக்களுக்கு நடுவே குரல் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். சந்நிதித் தெரு முனையில் ஒரு காவடி உரசிப் போனதில் ஒற்றைச் சாமந்தி இதழ் பெட்டியின் உறைமேல் விழுந்தது. ஹேமநாதன் உறைந்துபோய்விட்டார். தட்டிவிடக் கை எழவில்லை. ஜமீல் வண்டியை நிறுத்தி, திரும்பிக் குனிந்து, பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பதுபோல அதை ஊதித் தள்ளினார். வெளியுறையை ஊர் எல்லையில் கழற்றிப் போட்டார்கள்.

தடுப்பணையில் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் மூன்று நான்கு கெண்டைகள் செத்து ஒதுங்கியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு மணியம்மை நின்றிருந்தார். ஹேமநாதன் புதுக் கையுறையை மாட்டி, தண்ணீருக்குள் இறங்கினார். வழக்கமான வசனம் வாயில் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பாட்டிலும் சாட்சியும் நிறைந்து பெட்டிக்குள் போனதும், ஊருக்குள் திரும்பாமல் திருவாலங்காடு வழியாகவே அரக்கோணம் போய் பார்சல் வேனில் ஏற்றினார்கள். அந்த வருஷம் அவருடைய காவடியை முருகன் பத்மாவிடம்தான் வாங்கிக்கொண்டான்.

பதினோரு நாள் ஆயிற்று. மோகனப்ரியாவின் அழைப்பு வந்தபோது ஹேமநாதன் போனைக் காதில் வைக்காமல் பத்மாவிடம் நீட்டினார். பத்மா கேட்டுக்கொண்டார், ஆங் ஆங் என்றார், பிறகு திரும்பி, "நாலாம் நம்பர்ல ரெண்டு மருந்து இருக்குதாம். பயிர் மருந்துதானாம். பேப்பர்ல கையெழுத்து ஆயிடுச்சாம்," என்றார்.

"அத வுடு. சாட்சி?"

"சாட்சியில ஒண்ணுமே இல்லியாம்."

கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் மணியம்மை வீட்டார் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்கள். பஞ்சாயத்துக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் தடையை எடுத்தார்கள். கால்வாயில் டேங்க் கழுவக் கூடாது என்று ஒரு பலகையும் நட்டார்கள். பலகைக்குப் பக்கத்திலேயே ஒருவர் டேங்க் கழுவுவதை ஹேமநாதன் பார்த்தார் என்பது வேறு விஷயம். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இப்போதும் செவ்வாய்க்கிழமை விஜியிடம் ஒரு முழம் வாங்குகிறார். வாங்குவதென்றால், காசை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பூவை விஜியே அவர் வீட்டுப் படத்துக்கு அனுப்பிவிடுவார். முகப்பு விளக்கு வெறுமையாகவே ஆற்றுக்குப் போகிறது.

தடை நீங்கிய பிறகு வந்த முதல் செவ்வாயன்று நாலாம் நம்பரில் வலைகள் கரையில் காய்ந்துகொண்டிருந்தன. ஹேமநாதன் பெட்டியை இறக்கி, கையுறையை மாட்டியபோது மேட்டில் இருந்து மணியம்மை வேகமாக இறங்கி வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம். "நைனா, உன் வண்டிக்குன்னு..." என்று வந்தவர் பத்தடி தூரத்தில் சட்டென்று நின்றார். பொட்டலத்தைப் பார்த்தார். திரும்பி மேடேறிப் போய், அதைப் பிரித்து, உள்ளே இருந்த முல்லைச் சரத்தை ஒரு வேலமரக் கிளையில் மாட்டினார். கையைத் தண்ணீரில் கழுவப் போனவர், அதையும் யோசித்து, கழுவாமலே நின்ற இடத்தில் நின்று, காலியான இரண்டு உள்ளங்கைகளையும் அவரை நோக்கி விரித்துக் காட்டினார்.

ஹேமநாதன் தலையை ஆட்டினார். பிறகு ஆற்றங்கரையில் மண்டியிட்டு, முதல் வேலையாகச் சாட்சி பாட்டிலைத் திறந்தார்.